2147483647-ஐக் கேட்டால் முதலில் ஒன்றைக் கழியுங்கள்

எண் கோட்பாட்டுத் தாளின் முடிவு வந்துவிட்டது. பலரும் பயப்படும் பகா எண் பகுதிதான் என்னைக் கரைசேர்த்தது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

பெரிய பகா எண்ணைக் கொடுத்துப் பண்புகளைக் கேட்டால், அந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்றைக் கழித்து, வருவதைக் காரணிப்படுத்துங்கள். என் படிப்பு முழுவதும் இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் நின்றது.

நான் பிடித்துக்கொண்ட எண் தலைப்பில் உள்ள 2147483647, அதாவது 2³¹ − 1. அதில் ஒன்று போனால் 2 × (2³⁰ − 1). அடைப்புக்குள் இருப்பது 32767 × 32769 என்று உடையும். முதலாவது 7 × 31 × 151, இரண்டாவது 9 × 11 × 331. கால்குலேட்டரே வேண்டாம். இனி மளமளவென்று எழுதலாம்:

- 4-ஆல் வகுத்தால் மீதி 3. எனவே இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது. −1 இருபடி எச்சம் அல்ல, அதாவது எந்த வர்க்கத்தை இந்த எண்ணால் வகுத்தாலும் −1-க்குச் சமமான மீதி வராது.
- 2-இன் ஆர்டர், அதாவது 2-இன் அடுக்கை ஏற்றிக்கொண்டே போனால் மீதி முதன்முதலில் 1 ஆகும் இடம், வெறும் 31. அது பிரிமிட்டிவ் ரூட் (ஒன்றைக் கழித்து வந்த எண்ணையே ஆர்டராகக் கொண்ட எண்) ஆகாது.
- மிகச் சிறிய பிரிமிட்டிவ் ரூட் 7. காரணிகளில் 5 இல்லாததால் 7⁵, அதாவது 16807-உம் அப்படியே. சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் நிரல்களில் இந்த 16807 பிரபலம்.
- மொத்த பிரிமிட்டிவ் ரூட்கள் 534600000.

சரி, இது பகா எண்தான் என்று எப்படி நிறுவுவது? 1772-இல் கணிதவியலாளர் ஆய்லர் செய்த வேலை இது. எனக்கு இந்தத் தாளிலேயே மிகப் பிடித்த இடமும் இதுதான். இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: வருவது 62-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். மேலும் அந்தக் காரணிக்கு 2 இருபடி எச்சம், ஏனென்றால் 2¹⁶-இன் வர்க்கமான 2³²-உம் 2-உம் அங்கே ஒரே மீதி தரும். அப்படியானால் அந்தக் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். வர்க்கமூலம் 46341-ஐத் தொடாது. அதுவரை இப்படிப்பட்டவை 400-க்கும் குறைவு, அவற்றிலும் பகா எண்களைச் சோதித்தால் போதும்.

ஒரு பொறி: 2ⁿ − 1 வடிவ எண்களுக்கு 2-ஐ வைத்து ஃபெர்மாட் சோதனை (எண்ணில் ஒன்றைக் கழித்து வருவதை 2-க்கு அடுக்காக்கி, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) செய்யவே செய்யாதீர்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் எல்லாமே தேறிவிடும். 2¹¹ − 1 = 2047-உம் தேறும், ஆனால் அது 23 × 89. ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 11-இன் மடங்கு, கவனித்தீர்களா? இவ்வடிவ எண் பகா எண்தானா என்று உறுதியாகச் சொல்லும் லூக்காஸ்–லெமர் சோதனையைத்தான் எழுத வேண்டும்; 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்துக்கொண்டே போவது.

ஐம்பது கணக்குகளை மேலோட்டமாகப் போடுவது எனக்கு ஒத்துவராது. ஒரே எண்ணைக் கையால் தோண்டினால்தான் தேற்றங்கள் மனதில் தங்கின. நீங்களும் அப்படி என்றால் அடுத்து 524287-ஐ, அதாவது 2¹⁹ − 1-ஐ எடுங்கள். ஒன்றைக் கழித்தால் 2 × 511 × 513. அங்கிருந்து தொடருங்கள்.