அதிதி அசோக்கின் வாரங்கள்

கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் என்றதும், பெங்களூருவின் அல்சூரிலும் தொம்மலூரிலும் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பலருக்கும் நினைவுக்கு வருவது 2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, சனிக்கிழமை காலை மட்டுமே. கோல்ஃப் ஆட்டத்தின் விதிகள் எதையும் அறியாத பெரியவர்கள்கூட அன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, நம் ஊர்ப் பெண்ணுக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது நான்காம் இடம். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றதால், ஊரின் பேச்சு முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் அதிதியின் தொழில் அந்தக் காலைக்கு முன்பும் பின்பும் வாரந்தோறும் நடந்துகொண்டுதான் இருந்தது. அந்த வாரங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாள்களாக எண்ணியிருந்தேன்.

அவர் 1998-இல் பெங்களூருவில் பிறந்தவர். குடும்பத்தில் அதற்கு முன் எவரும் கோல்ஃப் ஆடியதில்லை. கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் திடல் கண்ணில் படும்படியான ஓர் உணவகத்தில் காலைச் சிற்றுண்டிக்குச் சென்றபோது அந்தத் திடல் சிறுமியின் கவனத்தை ஈர்த்ததாகவும், ஐந்தரை வயதில் ஆடத் தொடங்கியதாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெற்றோரும் மகளோடு சேர்ந்துதான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த ஊரில் கோல்ஃபுக்குள் நுழைய ஆண்களுக்கு இன்னொரு வழியும் இருந்திருக்கிறது. பிறருடைய பையைத் தூக்கும் கேடியாகச் சேர்ந்து, ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, தொழில்முறை வீரர்களாக உயர்ந்தவர்கள் இங்கே உண்டு. அப்படி வந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார். பெண்களுக்கு அந்த வழி திறந்திருந்ததாக நான் கண்டதில்லை. செலவைத் தாங்கக்கூடிய, அதைவிட முக்கியமாகத் தங்கள் நேரத்தை முழுவதுமாகக் கொடுக்கக்கூடிய ஒரு குடும்பம் பின்னால் இல்லாமல் நம் நாட்டில் ஒரு பெண் இந்த ஆட்டத்தில் மேலே வருவது இன்றும் மிகக் கடினம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதிதியின் பையை அவருடைய அப்பா சுமந்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மா சுமந்தார்.

2015-இல் அவர் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டத்தை வென்றார். அதே ஆண்டு டிசம்பரில், ஐரோப்பிய மகளிர் சுற்றுப்பயணப் போட்டிகளுக்கான தகுதித் தேர்வில் முதலிடம் பெற்று, 2016-இன் தொடக்கத்தில் தொழில்முறை வீராங்கனையானார். அந்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 18 வயதில் ஆடியவர், முதல் இரண்டு நாள்களும் 68, 68 அடிகளில் சுற்றை முடித்து முன்னணியில் நின்றார்; இந்த ஆட்டத்தில் குறைவான அடிகளில் முடிப்பவரே முன்னால் நிற்பார். அடுத்த இரண்டு நாள்களில் 79, 76 என்று சரிந்து 41-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். நவம்பரில் குருகிராமில் நடந்த மகளிர் இந்தியன் ஓப்பனை வென்று, ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். இரண்டு வாரங்கள் கழித்துக் கத்தாரிலும் வென்றார். 2017-இல் அபுதாபி.

இந்தத் தொழிலின் கடுமை வெற்றிப் பட்டியலில் தெரிவதில்லை. பெரும்பாலான போட்டிகளில் முதல் இரண்டு சுற்றுகள் முடிந்ததும் ஒரு கோடு கிழிக்கப்படும். எல்பிஜிஏ எனப்படும் அமெரிக்க மகளிர் தொழில்முறைச் சுற்றுப்பயணப் போட்டிகளில் பொதுவாக முதல் 65 இடங்களில் இருப்பவர்களும் அவர்களுக்குச் சமமாக நிற்பவர்களும் மட்டுமே வார இறுதிக்குத் தகுதி பெறுவார்கள். அந்தக் ‘கட்’டைத் தாண்டாதவருக்குப் பரிசுத்தொகை கிடையாது, விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் கேடியின் சம்பளமும் அவர் கையிலிருந்தே போகும். ஒரே ஓர் அடி கூடுதலாகிவிட்டால் அந்த வாரத்தின் வருமானம் முழுவதும் போய்விடலாம். மாதச் சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நிலையை மனத்தில் கொண்டுவருவதே எளிதாக இல்லை.

இதில் அதிதிக்கு இன்னொரு சுமையும் உண்டு. அவர் பந்தை நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர். முதல் அடியில் பந்து குறைவான தூரமே சென்றால், மற்றவர்கள் குட்டையான இரும்பு மட்டையால் உயரத் தூக்கிப் பந்தைக் குழிக்கு அருகே இறக்கும் இடத்தில், அவர் நீண்ட மட்டையை எடுத்தாக வேண்டும். அப்படி அடிக்கப்பட்ட பந்து தாழ்வாக வந்து விழுந்து உருண்டோடும், குழியை நெருங்கி நிற்பது அரிது. இந்தக் குறையை அவர் ஈடுகட்டுவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், பந்தை மெல்ல உருட்டிக் குழிக்குள் தள்ளும் பட்டிங்கில். டோக்கியோவில் 60 வீராங்கனைகளுக்குள் தூரத்தில் கடைசி வரிசையிலும் பட்டிங்கில் முதல் வரிசையிலும் இருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் கொரோனா அவருடைய உடல் வலிமையைக் குறைத்திருந்தது.

கசுமிகசேக்கி மைதானத்தில் அவர் அந்த நான்கு நாள்களில் எடுத்தவை 67, 66, 68, 68. தரவரிசையில் 200-ஆம் இடத்தில் இருந்த ஒருவர், முதலிடத்தில் இருந்த நெல்லி கோர்டாவுடன் கடைசி நாளில் ஒரே குழுவில் ஆடினார். மழையால் ஆட்டம் நிறுத்தப்பட்டபோது மீதம் இருந்தவை இரண்டே குழிகள். முடிவில் கோர்டா 17 அண்டர், அதாவது மைதானத்துக்கு வகுத்த அடிகளைவிட 17 குறைவு; மோனே இனாமியும் லிடியா கோவும் 16, அதிதி 15. கடைசிச் சுற்றில்கூட அவர் 68 எடுத்தார் என்பதால், அவர் தடுமாறி இழந்தார் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

தடுமாறியது 2023-இல், ஹாங்சோ ஆசிய விளையாட்டில். மூன்றாம் சுற்றில் 61 அடித்து ஏழு அடி முன்னிலையோடு கடைசி நாளுக்குப் போனவர், 77 எடுத்து, தாய்லாந்தின் அர்பிசாயா யூபோலிடம் தங்கத்தை விட்டுக்கொடுத்தார். ஆசிய விளையாட்டுக் கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அந்த வெள்ளி. என்றாலும் அன்று எனக்கு அதைப் பாராட்ட மனம் வரவில்லை. அவருக்கும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஆண்டு முழுவதையும் பார்க்க வேண்டும். டோக்கியோவுக்குப் பிறகு தூரத்தைக் கூட்டுவதற்கென்றே உழைத்ததன் பலன் அதில் தெரிந்தது. பிப்ரவரியில் கென்யாவில் ஒன்பது அடி வித்தியாசத்தில் வெற்றி. ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில், சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டமான பிளே ஆஃப் வரை சென்று ஹன்னா கிரீனிடம் தோல்வி. ஹாங்சோ முடிந்து இரண்டு மாதங்களுக்குள், நவம்பரில், ஸ்பெயின் ஓப்பன் பட்டம். ஏழு அடி முன்னிலையை உலகமே பார்க்க இழந்த ஒருவர், அடுத்தடுத்த வாரங்களில் மீண்டும் அதே புல்தரைகளில் நின்று, அதே குட்டைப் பட்களைப் போட்டு வெல்வதை நான் வேறெந்த ஒலிம்பிக் காலையைவிடவும் உயர்வாக மதிக்கிறேன்.

2024-இல் பாரிஸில், மூன்றாவது ஒலிம்பிக்கில், 29-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அங்கே இந்தியாவுக்காக அவருடன் ஆடிய தீக்ஷா தாகரும், மைசூருவின் பிரணவி அர்ஸும் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் இப்போது தொடர்ந்து ஆடுகிறார்கள். எல்பிஜிஏ பட்டம் 2024 முடிய எந்த இந்தியப் பெண்ணுக்கும் வாய்க்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் அதற்கு மிக அருகில் நின்றவர் அதிதிதான். நம் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அல்லாமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் ‘கட்’டைத் தாண்டினாரா என்ற ஒரு வரியையாவது வெளியிட வேண்டும்.