உதடு குத்திக்கொண்டேன்: ஊசியும் அதற்குப் பின் வந்த வாரங்களும்

குத்திய அன்று துளையில் போட்டுவிட்ட நகையின் தண்டு 10 மில்லிமீட்டர் நீளம். கண்ணாடியில் பார்த்தால் முன்பக்கக் குமிழ் உதட்டோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. அளவு தப்பிவிட்டதோ என்று கேட்டேன். "இந்த இடைவெளி வீக்கத்துக்காக விட்டது. மூன்று வாரம் கழித்து வாருங்கள், குட்டைத் தண்டு மாற்றிவிடுகிறேன்" என்றார் குத்தியவர். அவர் சொன்னதில் பாதிதான் என் மனதில் நின்றது. மீதியை மறந்ததற்கான விலையைப் பிறகு சொல்கிறேன். குத்திக்கொள்ளப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது ஊசியைப் பற்றித்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் தேர்ந்தெடுத்தது கீழுதட்டுக்குக் கீழே, இடது ஓரம். உட்கார்ந்ததும் கேள்விகள் வந்தன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் எடுக்கிறேனா, நிக்கல் ஒவ்வாமை உண்டா, காயம் ஆறினால் தழும்பு தடித்து வளருமா, சாப்பிட்டுவிட்டு வந்தேனா? வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம், அதற்காகத்தான் கடைசிக் கேள்வி. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, தோலைத் துடைத்து, பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். சிரிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், புள்ளியை இரண்டு முறை அழித்து மாற்றினார். உதட்டை மடித்து, சின்ன டார்ச் அடித்து, இரத்தக் குழாய் ஏதும் குறுக்கே ஓடுகிறதா என்று பார்த்தார். உள்ளே இருக்கும் தட்டையான வட்டு பல்லின் மேல் படுமா, ஈறின் மேல் படுமா என்றும் பார்த்தார். இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவசரப்படுத்துகிற இடத்தில் உதட்டைக் கொடுக்காதீர்கள்.

ஊசி உள்ளே துளையுள்ள ஊசி. 16 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமன். ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கி மூடிய உறையை என் கண் முன்னால் பிரித்தார். புதுக் கையுறை போட்டுக்கொண்டார். தண்டு டைட்டானியம், உடலுக்குள் பொருத்தும் தரத்தில் ஆனது. யாராவது துப்பாக்கி போன்ற கருவியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதன் பிளாஸ்டிக் உடலை ஆட்டோகிளேவில் வைத்துச் சுத்தப்படுத்த முடியாது. அது துளை போடுவதில்லை, மொட்டை முனையால் சதையைக் கிழித்துக்கொண்டு போகும்.

மூச்சை இழுத்து, மெதுவாக விடச் சொன்னார். விடும்போது குத்தினார். மெல்லும்போது கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டால் சுரீரென்று ஏறுமே, அதே வலிதான், கொஞ்சம் கூடுதலாக. கண்ணில் நீர் வந்தது. இரண்டு விநாடியில் முடிந்துவிட்டது. ஊசியின் பின்னாலேயே தண்டை நுழைத்துக் குமிழைத் திருகியபோது வலியைவிட அழுத்தம்தான் தெரிந்தது.

அன்று மாலையே உதடு கனக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது அந்த நீளத் தண்டில் கொஞ்சம்கூட இடைவெளி மிச்சமில்லை. குட்டையானதைப் போட்டிருந்தால் வட்டு சதைக்குள் புதைந்திருக்கும். ஐஸ் துண்டை வாயில் வைத்துக் கரையவிட்டேன், இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தேன். ஐந்தாம் நாளிலிருந்து வீக்கம் வற்றியது. அதுவரை மிருதுவானதை, ஆறவைத்து, சின்னச் சின்ன வாயாகச் சாப்பிட்டேன். ஒருமுறை கவனம் தவறி வட்டைப் பல்லால் கடித்தேன், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பேச்சில் 'ப', 'ம' தொந்தரவு தரவில்லை. கீழுதடு மேல்பல்லில் தொடவேண்டிய 'வ'தான் ஒரு வாரம் இழுத்தது.

காயத்தைச் சுத்தம் செய்ய, வெளிப்பக்கத்துக்கு 0.9 சதவீத சலைன், அதாவது உப்புநீர், நாளுக்கு இரண்டு வேளை. முதலில் நானே வீட்டில் உப்பைக் கரைத்தேன். உப்பு கூடிப்போய்த் தோல் வறண்டு எரிந்தது, அப்புறம் மருந்துக் கடையில் விற்கும் சலைனுக்கே மாறினேன். உள்பக்கத்துக்கு, சாப்பிட்ட பிறகெல்லாம் ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ் அல்லது வெறும் தண்ணீர். பல் துலக்கப் புதிய மிருதுவான பிரஷ். புகை, மது, முத்தம், அடுத்தவர் குடித்த டம்ளர் எல்லாவற்றுக்கும் விடுமுறை.

தண்டைச் சுற்றி வெளிர் மஞ்சளாகக் காய்ந்த படலத்தைப் பார்த்துச் சீழ் என்று பயந்தேன். ஆறும் காயத்திலிருந்து கசியும் நீர் காய்ந்தால் அப்படித்தான் இருக்குமாம். சலைனில் ஊறவைத்தால் தானே வந்துவிடும், நகத்தால் பிய்க்கவும் கூடாது, தண்டைச் சுழற்றவும் கூடாது. சிவப்பு பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், கெட்டியான பச்சை அல்லது மஞ்சள் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம் போகவேண்டும். அப்போதும் தண்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.

மூன்றாம் வாரம் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறதே என்று தண்டு மாற்றப் போகாமல் இருந்துவிட்டேன். வீக்கம் வற்றியதும் உள்ளே இடைவெளி கூடியது, வட்டு ஈறில் இடிக்க ஆரம்பித்தது. யோசனையில் இருக்கும்போதெல்லாம் நாக்கு தானாகப் போய் அதைத் தள்ளி விளையாடும். ஒன்பதாவது வாரம் பல் சுத்தம் செய்யப் போனேன். பல் மருத்துவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து, கீழ்ப்பல் ஒன்றைக் காட்டினார். வட்டு உரசும் இடத்தில் ஈறு ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. "இறங்கின ஈறு தானாக மேலே ஏறாது" என்றார். வலிக்கவே இல்லை, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே மனம் உடைந்துபோனேன்.

மறுநாளே குத்தியவரிடம் போனேன். அளந்து பார்த்து 8 மில்லிமீட்டர் தண்டு போட்டார். ஐந்து நிமிட வேலை, வலியே இல்லை. ஆனால் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். வெளித்தோல் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிட்டதாகத் தோன்றினாலும் உள்ளே முழுவதுமாக ஆற மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும், அதற்குள் தண்டைக் கழற்றினால் துளை மளமளவென்று சுருங்கிவிடும். குட்டைத் தண்டு போட்ட பிறகு வட்டு உதட்டின் உட்புறத்தில் சின்னக் குழி செய்துகொண்டு அதிலேயே அமர்ந்துவிட்டது. நாக்கு விளையாட இடமில்லை. சாப்பிடும்போது அது இருப்பதே தெரிவதில்லை.

குமிழ் தளர்ந்திருக்கிறதா என்று இரவில் கை கழுவிவிட்டு ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். ஈறு இன்னும் இறங்கினால் தண்டைக் கழற்றிவிடுவது என்று பல் மருத்துவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறார். போன முறையும் அதே ஒரு மில்லிமீட்டர்தான்.