காட்பாடியில் கிடைத்த ஒரு குறிப்பாணை

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சொத்து வழக்குகளையும் ஜீவனாம்ச மனுக்களையும் நடத்திவந்த என்னை மத்திய அரசு ஊழியர்களின் பணிச்சட்டத்துக்குள் இழுத்தது, காட்பாடி ரயில்வே ஊழியர் ஒருவர் கொண்டுவந்த, அவர்மீதான குற்றச்சாட்டுகளை எழுதித் துறை தந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணைதான். ரயில்வே ஊழியருக்கு 1968ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகள், அஞ்சல் ஊழியருக்கு 1965ஆம் ஆண்டு விதிகள் என்று துறைக்கேற்ப விதிநூல் மாறும் என்பதையே அன்றுதான் அறிந்தேன்.

இத்துறையில் வாதத்திறமையைவிடக் காலண்டர் முக்கியம். 1985ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, இறுதி ஆணை வந்த ஓராண்டுக்குள், மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும்; துறை மேலதிகாரியிடம் செய்த மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால், அதன்பின் ஓராண்டு உண்டு. ஆனால் வருபவர்களில் பலர், "மேலதிகாரிக்கு மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறேன் ஐயா" என்று சொல்லியபடி, நினைவூட்டல் கடிதங்களால் காலக்கெடு நீளும் என நம்பி ஆண்டுகளை இழந்திருப்பார்கள். அவ்வாறு அது நீளாது.

தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருப்பதால், வேலூர் வழக்கறிஞருக்கு விடியற்கால ரயில் இத்தொழிலின் ஓர் அங்கம். 1997இல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தீர்ப்பாய ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்குச் செல்லலாம் என்பதால், அங்கே நேரடியாகத் தாக்கல் செய்யும் ரிட் மனுவும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்னாள் படைவீரர்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் ஓய்வூதிய வழக்குகளும் வரும். அவை 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு உரியவை. எந்த வழக்கு எந்தத் தீர்ப்பாயத்துக்கு என்ற இந்த இடத்தில்தான் இளம் வழக்கறிஞர்கள் முதலில் தடுமாறுவார்கள், நானும் தடுமாறினேன்.