கொக்கிளாய்க் கடலை அரூபமாக வரைதல்: இதுவரை வந்த இடம்

முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருக்கும் அப்பாவின் ஊர் கொக்கிளாய். அதை வரையும் படம் ஒருவழியாக நகரத் தொடங்கியிருக்கிறது. 2 அடிக்கு 3 அடி கான்வஸ், அக்ரிலிக். பனை, வள்ளம், வாடி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று எனக்கு நானே விதி போட்டிருக்கிறேன். அவை வந்தால் கலண்டர் படம்தான் மிஞ்சும். களப்பு, மணல், கடல், வானம் என்று நான்கு பட்டைகள். அவற்றின் நிறமே ஊரைச் சொல்ல வேண்டும்.

நான் அங்கே வளர்ந்தவள் இல்லை. 1984 கடைசியில் சனம் ஊரைவிட்டு எழும்பியபோது அப்பா பள்ளிக்கூடப் பையன். என் கொக்கிளாயில் பாதி அவர் சொன்ன கதை, மீதி பிற்காலத்தில் போய்ப் பார்த்தது. தெஹிவளையில் பிறந்தவர், 1943இல் கொழும்பில் தொடங்கிய நவீன ஓவியர் அமைப்பான 43 குழுவைச் சேர்ந்த ஐவன் பீரிஸ், இங்கிலாந்தில் குடியேறிய பிறகும் ஊர்க் கடற்கரையைத்தான் வரைந்துகொண்டிருந்தார். அவருடைய கரையில் மரமும் மனிதரும் நிற்பார்கள். எனக்கு அந்தத் துணிவு இல்லை, பட்டைகளே போதும்.

படத்தைப் பார்க்கிறவர்கள் கேட்பதெல்லாம் கடலில் இறங்கும் செம்மஞ்சள் சூரியன். அது மேற்குக் கரைக்காரரின் சொத்து. எங்கள் கடல் கிழக்கே, சூரியன் விழுவது முதுகுக்குப் பின்னால், களப்புப் பக்கம். பின்னேரத்தில் கடலைப் பார்த்து நின்றால் கண் கூசாது. தண்ணீர் கரும்பச்சை கலந்த நீலமாகக் கனத்துக் கிடக்கும், மணல்தான் மினுங்கும். ஆகவே என் படத்தில் மிக இருண்ட பட்டை கடல், மிக வெளிச்சமானது மணல். அல்ட்ராமரினோடு பேர்ண்ட் அம்பரும் துளி தாலோ பச்சையும் கலந்தபோது அந்தக் கனம் வந்தது. தாலோ பச்சை பொல்லாதது, கொஞ்சம் கூடினாலும் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும்.

சோளகக் காற்றில் அக்ரிலிக்கோடு மல்லுக்கட்டுவது தனிக் கதை. வவுனியா வெயிலில், இரண்டு பட்டைகளின் ஓரங்களைக் கலக்க முன்பே காய்ந்துவிடுகிறது. இப்போது விடிய எழும்பித்தான் வேலை, கையில் தண்ணீர் ஸ்பிரே. காய்ந்ததும் நிறம் ஒரு படி இருளும். நிறத்தூளைப் பிடித்துவைக்கும் பிணைப்பான் ஈரத்தில் பால்போல வெள்ளையாக இருந்து, காயும்போது கண்ணாடியாகிவிடுகிறது அல்லவா, அதனால்தான். கடல் பட்டைக்கு எப்போதும் தேவையைவிட வெளிறிய நிறத்தையே கலக்கிறேன்.

மணல் பட்டைக்கு டைட்டானியம் வெள்ளை. இதில் ஒரு வேடிக்கை. கொக்கிளாய் தொடங்கிப் புல்மோட்டைவரை கரையில் கருங்கோடுகளாகக் கிடக்கும் கனிய மணலில் இல்மனைட் உண்டு. அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஒக்சைட்டு. உலகத்தில் டைட்டானியம் வெள்ளை செய்ய எடுக்கும் மூலப்பொருள்களில் அதுவும் ஒன்று. ரியூப்பிலிருந்து வரும் வெள்ளையும் எங்கள் கரையின் கறுப்பும் ஒரே உலோகத்தின் பிள்ளைகள்! இது தெரிந்த பிறகு மணல் பட்டையில் அங்கங்கே கறுப்புக் கோடு விடாமல் இருக்க மனம் வரவில்லை. ஓவியமாக அது தேவையா என்றால், சந்தேகம்தான்.

போன கிழமை அப்பா வந்து பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"முகத்துவாரம் எங்கை பிள்ளை?"

"இது வரைபடம் இல்லையப்பா."

"அது சரி. ஆனா களப்புத் தண்ணி எதாலை போறது?"

மணல் பட்டையின் வலது ஓரத்தில் விரலை வைத்தார். கடலைப் பார்த்து நின்றால் தெற்கு அந்தப் பக்கம்தான். வரைபடம் அவருக்குத்தான் வேண்டும், எனக்கில்லை. ஆனாலும் பட்டை இந்த ஓரம்முதல் அந்த ஓரம்வரை அறுபடாமல் ஓடியபோது படம் இறுகிப்போய் நின்றது உண்மை. கத்தியால் அங்கே சுரண்டிக் களப்பின் சாம்பலைக் கடலுக்குள் கொஞ்சம் இழுத்துவிட்டேன். கண் இப்போது அந்த வழியாகப் போகிறது.

அடுத்து, மணல் பட்டையில் உண்மையான கருமணலைக் கலந்து பார்க்கப்போகிறேன். ஒரு பிடி எடுத்து நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்திருக்கிறேன். உப்பு நின்றால் மாரியில் ஈரத்தை இழுக்கும். முதலில் ஒரு பலகைத் துண்டில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் கான்வஸில் கைவைப்பேன்.