கல்வாழைப் பூ: மூன்றாவது முயற்சி

இந்த முறை தாள் கிழியவில்லை.

ஜப்பானிய ஓவியர் யோஷிதா ஃபுஜியோவின் 'சிவப்புக் கல்வாழை' மரவெட்டு அச்சைப் பார்த்ததிலிருந்து கை சும்மா இருக்க மறுக்கிறது. 1954இல் செய்தது. 1887இல் பிறந்த அந்த அம்மா, ஆண்டுக்கணக்கில் நீர்வண்ணம் தீட்டிவிட்டு, அறுபதைத் தாண்டிய பிறகு அரூபத்துக்கு, அதாவது உருவத்தை அப்படியே காட்டாத பாணிக்கு, வந்தவர். நிலக்காட்சி அச்சுகளால் பேர்பெற்ற ஹிரோஷியின் மனைவி என்றே பலரும் அவரை அறிமுகப்படுத்துவது எனக்கு எரிச்சல். பூவுக்குள் தலையை விட்டுப் பார்த்தவர்போல அவர் செய்த அச்சுகளில் ஹிரோஷியின் சாயல் துளியும் இல்லை.

அரூபம்தானே, அதேபோல ஒரு கல்வாழை அச்சு நானும் செய்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் சறுக்கினேன். பழைய ஜப்பானிய அச்சுகளில் கறுப்புக் கோடு ஒன்று எல்லா நிறங்களையும் சுற்றி ஓடும். நிறம் கொஞ்சம் விலகினாலும் கோடு மறைத்துவிடும். கோடே இல்லாத இதழில் மஞ்சளும் சிவப்பும் நேருக்கு நேர் முட்டுகின்றன. இடையில் நூலளவு வெள்ளை தெரிந்தாலும் பூ செத்துவிடுகிறது.

முதல் முயற்சியில் தாளை அளவுக்கு மீறி நனைத்தேன், கிழிந்தது. இரண்டாவதில் ஒரு நிறம் அச்சிட்டு அடுத்ததற்கு நேரம் விட்டதில் தாள் காய்ந்து சுருங்கி, சிவப்பு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் அதே இடத்தில் அமர உதவும் 'கென்டோ' எனப்படும் அடையாளப் பள்ளங்களைப் பலகையின் மூலையில் ஒன்றும் விளிம்பில் ஒன்றுமாகச் சரியாகத்தான் வெட்டியிருந்தேன். தாளே சுருங்கினால் பள்ளம் என்ன செய்யும்?

இம்முறை தாள்களை ஈரச் செய்தித்தாளுக்கு நடுவே அடுக்கி, பாலிதீன் பையில் சுற்றி இரவு முழுக்க வைத்தேன். மஞ்சளுக்கான பலகையில் இதழை ஒரு மயிரிழை பெரிதாக விட்டுச் செதுக்கினேன். சிவப்பு அதன்மேல் ஏறியதும் ஓரத்தில் தானாகவே ஒரு அடர்நிறம் பிறந்தது. வெள்ளை இடைவெளி போயிற்று.

தேய்ப்பதற்கு மூங்கில் மட்டை போர்த்திய பாரென் என்ற தேய்ப்பு வட்டு என்னிடம் இல்லை. மரக் கரண்டியின் முதுகுதான். சாயத்தில் அரிசிக் கஞ்சியைக் குறைத்துவிட்டேன் போலிருக்கிறது, நான்காவது தாளில் சிவப்பு முழுக்க எள் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக விழுந்தது. ஜப்பானியர்கள் இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. பெயரும் 'எள் அச்சு' என்ற பொருளில்தான். என்னுடையது பிழை என்பதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பூவின் தொண்டைப் பகுதியில் மஞ்சள் மெல்ல மெல்லக் கரைந்து மறைய வேண்டும். அதற்குப் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தூரிகையின் ஒரு முனையில் மட்டும் சாயம் தொட வேண்டும். ஆறு தாளிலும் அது பட்டையாகவே நிற்கிறது. பலகையைக் கழுவி நிழலில் சாய்த்து வைத்திருக்கிறேன்.