அப்பத்தாவோடு வடகிழக்கு: என் விடுமுறை நாட்குறிப்பு

ஏப்ரல் 24, குவாஹாத்தி

ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு கிளம்பிவிட்டோம். அப்பா, அம்மா, அண்ணன், நான், அப்பத்தா. மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து குவாஹாத்தி. அப்பத்தாவுக்கு இதுதான் முதல் விமானம். அவருக்கு விமானத்தைப் பற்றிப் பயமே இல்லை, கவலையெல்லாம் பாக்குவெட்டியைப் பற்றித்தான். கையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அப்பா அதைப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்தார். சுருக்குப்பை மட்டும் இடுப்பிலேயே இருந்தது. அதில் சோழவந்தான் வெற்றிலை இரண்டு கவுளி, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பா. ஒன்பது நாளைக்குக் காணும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

சாயங்காலம் பிரம்மபுத்திராவைப் பார்க்கப் போனோம். வைகையில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கப் பாலத்தில் கூட்டம் கூடும் ஊர்க்காரி நான். இங்கே எதிர்க்கரை ஒரு கோடு மாதிரிதான் தெரிகிறது. திபெத்தில் இதற்கு யார்லுங் சாங்போ என்று பெயர், அருணாசலத்தில் சியாங், அசாமில் பிரம்மபுத்திரா, வங்கதேசத்தில் ஜமுனா. நம் ஆறுகள் பெரும்பாலும் பெண்கள், இது ஆண் என்று அம்மா சொன்னார். பிரம்மாவின் புத்திரன் அல்லவா.

டிரைவர் அண்ணன் (இங்கே தாதா என்று கூப்பிட வேண்டும்) ஊர்ப்பெயருக்கு அர்த்தம் சொன்னார். குவா என்றால் பாக்கு, ஹாத் என்றால் சந்தை. அம்மா மொழிபெயர்த்ததும் அப்பத்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப இது பாக்குச் சந்தையா? நம்ம ஊருன்னு சொல்லு" என்றார்.

ஏப்ரல் 25, குவாஹாத்தி

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். பள்ளிக்கு நேரமாகிவிட்டது போல அலறி எழுந்தேன். மணி ஐந்துகூட ஆகவில்லை! நாட்டுக்கே ஒரே நேரம், ஆனால் சூரியன் இங்கேதான் முதலில் வருகிறது. அதனால் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்வார்களாம். அதற்குத் தோட்ட நேரம் என்றே பெயர்.

காலையில் காமாக்யா கோயில். கருவறையில் சிலை கிடையாது. படியிறங்கி இருட்டுக்குள் போனால் பாறை, அதில் ஊற்றுநீர் கசிகிறது. அப்பத்தா அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு படகில் உமானந்தா தீவு. அங்கேயும் கோயில், நிறையப் படிகள். அவ்வளவுதான் இன்று. எனக்குக் கால் வலி.

ஏப்ரல் 26, கோஹோரா

குவாஹாத்தியிலிருந்து காசிரங்கா தேசியப் பூங்கா கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், அதன் வாசலில் இருக்கும் ஊர்தான் கோஹோரா. வழியெல்லாம் வயல், மூங்கில், குளம். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் பாக்கு மரங்கள், அதில் வெற்றிலைக் கொடி ஏறியிருக்கிறது. நம் ஊரில் வெற்றிலைக்கு அகத்தி நட்டுத் தனியாகக் கொடிக்கால் போடுவார்கள். இங்கே பாக்கு மரத்துக்கும் வெற்றிலைக்கும் ஒரே வீடு. அப்பத்தா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மரத்தை எண்ணிக்கொண்டே வந்தார்.

மத்தியானம் ஒரு சோகம். வெப்பத்தில் வெற்றிலை எல்லாம் கறுத்து அழுகிவிட்டது. பையைத் திறந்ததும் வாடை வந்தது. அப்பத்தா எதுவும் சொல்லவில்லை, வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். வெற்றிலை இல்லாத அப்பத்தாவை நான் பார்த்ததே இல்லை. வாய் சும்மா இருந்தால் அவருக்குப் பேச்சும் வராது போல.

சாப்பாட்டுக் கடையில் மீன் டெங்கா இருக்கிறது என்றார்கள். "தேங்காவா, சரி கொண்டா" என்றார் அப்பத்தா. வந்ததோ தேங்காயே இல்லாத, தண்ணியாக, நல்ல புளிப்பான மீன் குழம்பு. அசாமியில் டெங்கா என்றால் புளிப்பாம். எனக்கு ரொம்பப் பிடித்தது. புளி சேர்ப்பதில்லை, தக்காளியோ எலுமிச்சையோ வேறு புளிப்புக் காய்களோதான் போடுவார்களாம்.

சாயங்காலம் நாங்கள் தங்கும் வீட்டில் நுழைந்ததும், அந்த வீட்டம்மா அடியில் தாங்குகால் உள்ள வெண்கலத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து அப்பத்தாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். தட்டில் வெற்றிலை, தோல் நீக்கி நறுக்கிய பாக்கு, சுண்ணாம்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் மரியாதை இதுதான். பெயர் தாமோல் பான். தாமோல் என்றால் பாக்கு. நம் தாம்பூலமும் அதுவும் ஒரே சொல்லிலிருந்து வந்ததுதான் என்றார் அப்பா. எங்கள் எல்லோர் தோளிலும் சிவப்புக் கரை போட்ட வெள்ளை கமோசா துண்டைப் போட்டார்கள்.

அப்பத்தா வெற்றிலையின் நுனியைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து வாயில் போட்டார். ஒரு நிமிடத்தில் நெற்றி முழுக்க வியர்வை! காதெல்லாம் சூடாகிவிட்டது என்றார். நம் கொட்டைப்பாக்கு காய்ந்தது. இங்கே போடுவது ஈரப்பாக்கு. பயந்து போய் அம்மா தண்ணீர் எடுத்துவர, அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டே அப்பத்தாவின் முதுகைத் தடவிவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து அப்பத்தா இரண்டாவது கேட்டார்.

ஏப்ரல் 27, காசிரங்கா

இன்று எழுத நிறைய இருக்கிறது.

விடிந்ததும் திறந்த ஜீப்பில் கிளம்பினோம். மழைக்காலத்தில் காட்டை மூடிவிடுவார்கள், நாங்கள் கடைசி நாட்களில் வந்திருக்கிறோம். இருபுறமும் ஆளை மறைக்கும் யானைப்புல். ஜீப் திரும்பிய இடத்தில் வழிகாட்டி கையை உயர்த்தினார். இன்ஜின் நின்றது. முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது, பழைய வேட்டியைக் கிழிக்கிற மாதிரி. அப்புறம் புல் விலகியது. காண்டாமிருகம், பக்கத்தில் குட்டி.

எங்களுக்கும் அதற்கும் நம் வீட்டுத் திண்ணைக்கும் தெருக்குழாய்க்கும் உள்ள தூரம்தான் இருக்கும். தோல் மடிப்பு மடிப்பாக, இரும்புத் தகட்டை ஆணி அடித்துப் பொருத்தினது போல. மடிப்பின் உள்பக்கம் மட்டும் இளஞ்சிவப்பு. மேலுதட்டை விரல் மாதிரி வளைத்துப் புல்லைச் சுருட்டிப் பிடித்து இழுக்கிறது, அதுதான் அந்தக் கிழிக்கும் சத்தம். முதுகில் ஒரு வெள்ளைக் கொக்கு. குட்டிக்குக் கொம்பு இன்னும் வரவில்லை, மூக்கின்மேல் ஒரு மேடு மட்டும். அது அம்மாவின் வயிற்றுக்கு அடியில் புகுந்து எங்களைப் பார்த்தது. அண்ணன் கேமராவை எடுக்கவே மறந்துவிட்டான்.

ஒரு காலத்தில் இங்கே காண்டாமிருகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். 1905இல் காட்டைக் காக்கத் தொடங்கினார்கள். 2022 கணக்கெடுப்பில் 2,613. உலகத்தில் உள்ள ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்களில் பெரும்பகுதி இங்கேதான். கொம்புக்காகத்தான் கொன்றார்கள். ஆனால் அந்தக் கொம்பு நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே பொருள்தான், மருந்தே இல்லை. அதை உலகத்துக்குச் சொல்ல 2021 செப்டம்பரில் அசாம் அரசு சேர்த்துவைத்திருந்த 2,479 கொம்புகளைப் பக்கத்து ஊரான போகாகாட்டில் அடுக்கித் தீ வைத்தது. விற்றால் எவ்வளவு பணம் கிடைத்திருக்கும்! விற்காமல் எரித்தார்களே, அதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா பெருகிக் காடே மூழ்கும். விலங்குகள் நெடுஞ்சாலையைத் தாண்டி எதிரே உள்ள கார்பி மலைக்கு ஏறும். அந்தச் சமயம் லாரி, காரெல்லாம் மெதுவாகத்தான் போக வேண்டும். சாலையோரம் அதற்கென்றே பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் நேற்று நாங்கள் வரும்போது நிறைய வண்டிகள் பறந்துகொண்டுதான் இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் குட்டியும் இந்த வருஷம் அந்தச் சாலையைத் தாண்ட வேண்டியிருக்கும்.

யானைக்கூட்டம், காட்டெருமை, சேற்றுமான் எல்லாம் பார்த்தோம். புலி வரவில்லை. பரவாயில்லை.

ஏப்ரல் 28, ஷில்லாங்

நாள் முழுக்கக் கார். அண்ணனுக்கு வளைவுகளில் வாந்தி. உமியம் ஏரிக்கரையில் நிறுத்தி அன்னாசிப்பழம் வாங்கிக் கொடுத்தோம். மேகாலயாவின் தலைநகர் ஷில்லாங்கில் நல்ல குளிர். கடைத்தெருவில் பாக்கு விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இந்த மலையில் வாழும் காசி மக்களின் மொழியில் (கங்கைக்கரைக் காசி இல்லை, இது Khasi) பாக்குக்கு குவாய் என்று பெயர், சுண்ணாம்புக்கு ஷுன். "சுண்ணாம்பைப் பாதியில விட்டுட்டாக" என்றார் அப்பத்தா. குவாய் போட்டால் குளிருக்கு இதமாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 29, சோஹ்ரா

புத்தகத்தில் சிரபுஞ்சி என்று படித்த ஊர். இங்கே இருப்பவர்கள் சோஹ்ரா என்றுதான் சொல்கிறார்கள். நானும் இனி அப்படித்தான் சொல்வேன்.

ஆண்டுக்குச் சராசரியாக 11,777 மில்லிமீட்டர் மழை. எங்கள் மதுரை ஆயிரத்தைக்கூட எட்டாது. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. ஓடாமல் அப்படியே நின்றிருந்தால் எட்டு மாடிக் கட்டிடம் மூழ்கியிருக்கும். வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மேகம் வங்கதேசத்துச் சமவெளியைத் தாண்டி நேராக இந்த மலைச்சுவரில் வந்து முட்டுகிறது, ஏறுகிறது, கொட்டுகிறது.

நோகாலிகாய் அருவிக்குப் போனபோது எதிரே வெறும் வெள்ளை. 340 மீட்டர் அருவி இரைகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். திடீரென்று மேகம் திரை மாதிரி விலகியது. ஒரே கோடாக மேலிருந்து கீழே, அடியில் பச்சைக் குளம். நான் நூறு எண்ணுவதற்குள் மறுபடி மூடிக்கொண்டது.

ராத்திரி மழை பிடித்தது. தகரக் கூரைமேல் ஜல்லியைக் கொட்டுவது போல. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, அதனால் எல்லோரும் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். இப்படிப் பெய்தும் குளிர்காலத்தில் இங்கே குடிநீருக்குக் குடம் தூக்கி நடக்கிறார்களாம். மேல்மண் மெல்லிசு, அடியில் சுண்ணாம்புப் பாறை, மழை நிற்காமல் ஓடிவிடுகிறது. மதுரையில் தண்ணீர் லாரிக்கு நிற்கும் எங்களுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. அப்பத்தா மட்டும் வாசலில் ஒழுகும் தண்ணீருக்கு அடியில் வாளியை வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

ஏப்ரல் 30, மவ்லின்னோங்

ஆசியாவிலேயே சுத்தமான கிராமம் என்று 2003இல் ஒரு பயண இதழ் எழுதிய ஊர் இது. வீட்டுக்கு வீடு மூங்கில் குப்பைக்கூடை, கூம்பு வடிவில். வழியைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையன் எங்கள் கார் போனதும் சக்கரத்தடத்தையும் கூட்டினான்.

தங்கிய வீட்டு அம்மாவை காங் என்று கூப்பிட்டோம், அக்கா என்பது போல. காசி மக்களிடம் அம்மாவின் குலப்பெயர்தான் பிள்ளைகளுக்கு. குடும்பச் சொத்து கடைசி மகளுக்கு, பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதும் அவள்தான். நானும் கடைக்குட்டி மகள்! அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன். "சொத்தை விடு, என்னைப் பாத்துக்கிருவியா?" என்று கேட்டார் அப்பத்தா. பார்த்துக்கொள்வேன் என்றேன்.

பக்கத்து ஊர் ரிவாயில் வேர்ப்பாலம். நோங்ரியாட்டில் உள்ள இரண்டடுக்குப் பாலத்துக்கு மூவாயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும், அப்பத்தாவால் முடியாது. இங்கே கொஞ்சப் படிகள்தான். எவ்வளவு தூரம் என்று கேட்டதற்குக் காங், ஒரு குவாய் மென்று முடிப்பதற்குள் போய்விடலாம் என்றார். அந்தக் காலத்தில் காசி மலையில் தூரத்தை இப்படித்தான் அளந்தார்களாம், எத்தனை பாக்கு என்று. அப்பத்தா ஒன்றைப் போட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்தார். ஒவ்வொரு படியாக இறங்கினோம். பாலம் கண்ணில் பட்டபோது வாயில் இன்னும் பாக்கு இருந்தது.

நம் வீட்டு வாசல்களில் தொட்டியில் ரப்பர் செடி வைக்கிறோமே, தடித்த இலையோடு, அதே மரம்தான். இங்கே ஆற்றங்கரையில் ராட்சசனாக நிற்கிறது. அதன் வேர்கள் ஆற்றைத் தாண்டி அடுத்த கரையில் மண்ணுக்குள் போயிருக்கின்றன. தொட்டுப் பார்த்தேன். என் இடுப்பளவு பருமனான வேர் ஒன்று, ஈரமாக, பாசி படர்ந்து. இரண்டு வேர் ஒன்றின்மேல் ஒன்று கிடந்த இடத்தில் ஒட்டி ஒரே வேராகிவிட்டது, நடுவில் தழும்பு மாதிரி ஒரு கோடு. இடைவெளியில் தட்டைக் கற்களைப் பதித்து நடைபாதை. நடுவில் நிற்கக்கூடாது என்றார்கள், நடந்துகொண்டே பார்த்தோம்.

எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? பாக்கு மரத்தைப் பிளந்து உள்ளே குடைந்து வாய்க்கால் மாதிரி ஆக்கி, ஆற்றின் குறுக்கே வைத்து, இளம் வேரை அதற்குள் விடுகிறார்கள். வேர் அந்த வழியே வளர்ந்து அக்கரையை அடைகிறது. பாக்கு மரம் மட்கிப் போகும், வேர் நிற்கும். ஆள் நடக்கிற பாலமாக 15 முதல் 30 வருஷம் ஆகும். அப்புறம் பல நூறு வருஷம் இருக்கும். மரமும் மூங்கிலும் இந்த மழையில் சீக்கிரம் அழுகிவிடும். உயிருள்ள வேரோ வருஷத்துக்கு வருஷம் பலமாகிறது. 2022இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்த வேர்ப்பாலங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

அப்பத்தா வேரைத் தடவிக்கொண்டே, "இதுக்குள்ளயும் பாக்கு மரம்தானா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மே 1, மவ்லின்னோங்

விடாத மழை. டாவ்கி ஊரில் ஓடும் உம்ங்கோட் ஆற்றில் படகு மிதப்பதே தெரியாத அளவு தண்ணீர் தெளிவாக இருக்கும் என்றார்கள். அது குளிர்காலத்தில். இப்போது கலங்கல், போகவில்லை. காங் வீட்டு அடுப்படியிலேயே நாள் போனது.

காங் ஒரு கதை சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, அம்மா தமிழில் சொன்னார். ஒரு பணக்காரன், ஒரு ஏழை, இரண்டு பேரும் உயிர் நண்பர்கள். பணக்காரன் விருந்துக்கு வந்த அன்று ஏழை வீட்டில் ஒரு பிடி அரிசிகூட இல்லை. அந்த வேதனையில் ஏழையும் மனைவியும் உயிரை விட்டார்கள். இனி எந்த ஏழைக்கும் இந்த நிலை வரக்கூடாது என்று கடவுள் பாக்கையும் வெற்றிலையையும் சுண்ணாம்பையும் உண்டாக்கினாராம். அன்றிலிருந்து யார் வீட்டிலும் வந்தவருக்குக் கொடுக்க ஏதாவது இருக்கும்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். காசி மக்கள் இறந்துபோனவரைப் பற்றிப் பேசும்போது, "அவர் கடவுள் வீட்டில் குவாய் போட்டுக்கொண்டிருக்கிறார்" என்பார்களாம்.

அம்மா அதைத் தமிழில் சொன்னபோது அப்பத்தா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா போய் நான்கு வருஷம் ஆகிறது. தினமும் சாப்பிட்டபின் அப்பத்தா மடித்துக் கொடுக்கும் வெற்றிலைக்காகத் திண்ணையில் கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "அவருக்குப் பல்லு கிடையாது" என்றார் அப்பத்தா மெதுவாக. "இடிச்சுக் குடுக்கணுமே. அங்க யாரு இடிச்சுக் குடுக்குறாக?" அம்மா இதைக் காங்கிடம் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் காங் எழுந்து வந்து அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மே 3, மதுரை

நேற்று கிளம்பும்போது காங் வீட்டுப் பாக்கு மரத்தடியில் முளைவிட்டுக் கிடந்த இரண்டு காய்களை அப்பத்தா கேட்டு வாங்கினார். பதிலுக்குப் பாக்குவெட்டியைக் கொடுத்துவிட்டார். அது கல்யாணச் சீரில் வந்தது என்று அப்பா காரில் ஏறிய பிறகுதான் சொன்னார்.

ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தோம். இன்று காலை கிணற்றடியில், முருங்கை மர நிழலில் நட்டாயிற்று. மதுரை வெயிலுக்குத் தாங்காது என்கிறார் அப்பா. அப்பத்தா பழைய சாக்கை நனைத்துச் சுற்றிக் கட்டிவிட்டார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.