ஜாவா மலைக்கிராமத்தில் முதலீடு செய்யப் போன கதை: ங்லாங்கெரான்

நாங்கள் நான்கு பேர். நான், என் தங்கை கணவர், பள்ளிக்கூடத்தில் இருந்தே கூட இருக்கும் நண்பர்கள் இருவர். கிள்ளானில் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டே பல வருடமாகச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. ஜாவாவில் ஏதாவது ஒரு கிராமத்தில் சின்னதாக நிலம் வாங்கி நான்கு அறை கட்டி விருந்தினர் விடுதி நடத்தலாம் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு மலாய் சரளமாக வரும் என்பதால் முதலில் நான் போய்ப் பார்த்து, ஊரைப் பற்றி விவரமாக எழுதி அனுப்புவது என்று முடிவானது. மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள் விசா இல்லாமல் தங்கலாம், அந்த 30 நாள்தான் என் கெடு.

நான் தேர்ந்தெடுத்த ஊர் ங்லாங்கெரான். ஜோக்ஜகார்த்தா நகரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர், குனுங் கிடுல் மாவட்டத்தில் பாத்துக் வட்டாரம். வொனொசாரி சாலையில் மலை ஏறியதுமே காற்று மாறிவிடும். ஊருக்கு மேலே எழும்பி நிற்கும் கரும்பாறைகள் எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அணைந்துபோன எரிமலையின் மிச்சம், அதனால் அதை ‘குனுங் அப்பி புர்பா’, பழங்கால எரிமலை என்கிறார்கள். உச்சி ஏறத்தாழ 700 மீட்டர். ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2021இல் முதன்முறையாகச் சிறந்த சுற்றுலா கிராமங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டபோது இந்த ஊரின் பெயரும் அதில் வந்தது. நான் இதைத் தேர்ந்தெடுக்க அந்தப் பட்டியல்தான் காரணம்.

போய் இறங்கிய அன்றே முதல் நடைமுறை. இந்தோனேசியக் கிராமங்களில் சந்து முனைகளில் ஒரு பலகை இருக்கும், விருந்தாளி யார் வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று. நான் தங்கிய வீட்டு அம்மா, எல்லோரும் ‘பூ’, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிட்டார்கள், கடப்பிதழின் நகலை வாங்கிக்கொண்டு அந்தத் தெருவின் ‘ஆர்.டி.’, அதாவது அக்கம்பக்கக் குழு, தலைவர் வீட்டுக்கு என்னையே கூட்டிப் போய் அறிமுகப்படுத்தி வைத்தார். வந்தவன் யார், எதற்கு வந்தான், எத்தனை நாள் இருப்பான் என்று ராத்திரிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

மலாய் தெரிந்தால் போதும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு ‘பெஜாபாட்’ என்றால் அலுவலகம், அங்கே அதிகாரி. நான் கிராம ‘பெஜாபாட்’ எங்கே என்று கேட்க, அவர்கள் ஓர் அதிகாரியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ‘பெர்ச்சுமா’ இன்னும் மோசம். நமக்கு இலவசம், அவர்களுக்கு வீண், பிரயோஜனம் இல்லாதது. காலைத் தேநீர் ‘பெர்ச்சுமா’வா என்று கேட்டபோது அந்த அம்மாவின் முகம் வாடியது, அவர் மகன்தான் விளங்கிக்கொண்டு எடுத்துச் சொன்னான். ‘கிராத்திஸ்’ என்று கேட்க வேண்டும்.

சரி, நிலத்துக்கு வருகிறேன்.

நகரத்தில் ஒரு தரகர் கிடைத்தார். ரொம்ப சுலபம் என்றார். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்குவோம், அவரிடம் பின்னால் ஒரு தனி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். முன்பணத்துக்கு ஒரு தொகையும் சொல்லிவிட்டார். தங்கை கணவர் தொலைபேசியில், போட்டுவிடுவோம் என்றே சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை, பத்திரம் எழுதும் நொத்தாரிஸ் ஒருவரிடம் கட்டணம் கட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அந்தப் பயணத்திலேயே நான் செய்த உருப்படியான செலவு அதுதான்.

அவர் சொன்னதன் சாரம் இது. 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டப்படி ‘ஹாக் மிலிக்’ என்கிற முழு உரிமை தனிமனிதர்களில் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த உரிமையைக் கைமாற்றினால் அது செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. 26ஆவது பிரிவை எடுத்து விரல் வைத்துக் காட்டினார். அப்படியானால் நிறுவனம் தொடங்கலாமா என்று கேட்டேன். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம், ‘பெ.தே. பெ.எம்.ஆ.’, தொடங்கலாம், ஆனால் நிலமும் கட்டடமும் சேர்க்காமல் மொத்த முதலீடு 1,000 கோடி ரூபியாவைத் தாண்ட வேண்டும். வெளிநாட்டு முதலீடு என்றாலே பெரிய தொழில் என்றுதான் கணக்கு, வீட்டில் அறை விடுகிற மாதிரிச் சிறுதொழில் உள்ளூர்க்காரர்களுக்கு உரியது. நாங்கள் நால்வரும் சேர்த்ததை முழுசாகப் போட்டாலும் அதில் பத்தில் ஒரு பங்கு தேறாது.

அப்போதும் விடவில்லை. வாங்கத்தானே முடியாது, கிராமத்துக்குச் சொந்தமான பொது நிலத்தைக் குத்தகைக்குக் கேட்போம் என்று கிராம அலுவலகத்துக்குப் போனேன். ஜோக்ஜகார்த்தாவில் கிராமத்துக்கு ‘கலுராஹான்’ என்று பெயர், தலைவர் ‘லுராஹ்’, மற்ற மாகாணங்களில் ‘டெசா’ என்பார்கள். இங்கே இன்னொன்றும் உண்டு. சுல்தான் இன்றும் ஆளுநராக இருக்கும் மாகாணம் இது, 2012இல் வந்த தனிச் சட்டப்படி அரண்மனைக்கென்று நிலம் இருக்கிறது, கிராமத்துப் பொது நிலத்தைக் குத்தகைக்கு விடவும் ஆளுநரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட நிலங்களை வெளியாட்களுக்கு விட்டு வீடு கட்டிய வழக்குகள் 2023இல் பெரிதாக வெடித்து, வேறு கிராமங்களில் தலைவர்கள் சிறைக்கே போனார்கள். அலுவலகத்தில் என்னிடம் பேசியவர் இதையெல்லாம் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார், தேநீர் கொடுத்தார், கடைசியில் “நந்தி டிரெம்புக் டுலு” என்றார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினோரு நாள் ஆனது. ‘ரெம்புக்’ என்றால் கூடிப் பேசுவது. பிறகு பேசிப் பார்ப்போம் என்று அதற்கு அர்த்தம். ஜாவாக்காரர்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அபூர்வம். நான் தினமும் போய் நிற்க, அவர்கள் தினமும் சிரித்து உட்காரவைக்க, நாள் ஓடியது.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி சுற்றுலாவை நடத்தும் குழுவின் கூட்டத்துக்கே என்னை அழைத்தார்கள். தரையில் பாய், வேர்க்கடலை, சர்க்கரை போட்ட தேநீர். நான் என்ன கேட்க வந்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். அவர்களில் ஒருவர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், பதிலுக்கு ஊரின் கதையைச் சொன்னார். 1999வாக்கில் இந்தப் பாறைகள் மொட்டையாகக் கிடந்தன, ஊர் இளைஞர் சங்கம்தான் மரக்கன்றுகளைத் தூக்கிப் போய் நட்டது. அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். 2014இல் மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள், பாதையெல்லாம் குப்பை, வழியில் நெரிசல், ஊருக்குக் கிடைத்ததோ கொஞ்சம். அதனால் வேண்டுமென்றே நுழைவுக் கட்டணத்தைக் கூட்டி, ஒருநாள் வந்து படம் எடுத்துப் போகிறவர்களைக் குறைத்து, வீடுகளில் தங்குகிறவர்கள் பக்கம் திரும்பினார்கள். 2019இல் வந்தவர்கள் ஒரு லட்சம் சொச்சம்தான், ஆனால் வருமானம் 2014இல் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

“நாங்கள் ஆளைக் குறைக்கிறோம், நீங்கள் அறையைக் கூட்டப் பார்க்கிறீர்கள்” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதற்கு மேல் நிலத்தைப் பற்றிப் பேச எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் ‘கம்பூங் பித்து’ போனேன். மலையின் கிழக்கு முகட்டில் இருக்கும் குட்டிக் குடியிருப்பு, ஏழு குடும்பத் தலைவர்களுக்கு மேல் அங்கே இருக்கக்கூடாது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. பிள்ளை கல்யாணம் பண்ணித் தனிக்குடும்பம் ஆனால் கீழே இறங்கிவிட வேண்டும், மேலே ஓர் இடம் காலியானால்தான் திரும்ப முடியும். அந்த முற்றத்தில் நின்று கீழே ஊரைப் பார்த்தபோது, எங்கள் நான்கு அறை விடுதி எந்த வயலில் நின்றிருக்கும் என்று மனசு தானாகவே தேடியது. நல்லவேளை, அங்கே நெல் இருந்தது.

அப்புறம் என்ன செய்தோம் என்றால், நண்பர் ஒருவர் கிள்ளானில் டியூஷன் மையம் நடத்துகிறார். ஊரில் ‘லிவ்-இன்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு, மாணவர்கள் கூட்டமாக வந்து வீடுகளில் பிரிந்து தங்கி, வயலில் இறங்கி, கொக்கோ உடைத்து, ஆட்டுப்பால் கறந்து பழகுவது. வருடத்துக்கு இரண்டு கூட்டம் அனுப்புகிறோம், பணத்தில் பாதியை ஆறு மாதம் முன்பே கட்டிவிடுகிறோம் என்று சொன்னோம். கூட்டம் குறைவான மாதங்களாகப் பார்த்து வரும்படி அவர்கள் கேட்டார்கள். எங்களுக்கு லாபம் என்று பெரிதாக இல்லை, டியூஷன் மையத்துக்கு நல்ல பெயர், ஊருக்கு முன்கூட்டியே கையில் காசு. முன்பணத்தில் அந்த வீட்டு அம்மா குளியலறைக்கு ஓடு பதித்திருக்கிறார், படம் அனுப்பினார்.

ஆட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அங்கே வளர்ப்பது நீண்டு தொங்கும் காதுள்ள ‘எத்தாவா’ ஆடு. உத்தரப் பிரதேசத்து எட்டாவாவில் இருந்து டச்சுக்காரர்கள் காலத்தில் கொண்டுவந்த ஜமுனாபாரி இனத்தை ஜாவா ஆட்டோடு கலந்து வந்தது. இந்த ஆட்டுப்பாலையும் ஊர்க் கொக்கோவையும் சேர்த்துப் பானப்பொடி செய்கிறார்கள். முன்பெல்லாம் கொக்கோ விதையைப் புளிக்க வைக்காமல் அப்படியே வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்களாம், இப்போது மரப்பெட்டியில் நாள்கணக்கில் புளிக்கவைத்துக் காயவைத்து ஊரிலேயே சாக்லேட் ஆக்குகிறார்கள். ‘கிரியா சோக்லாட்’ கடையில் கிடைக்கும். சின்னப் பணம் வைத்திருக்கிறவர்கள் இந்த ஊரில் போட நினைத்தால் அங்கேதான் பேச வேண்டும் என்று நண்பர்களுக்கு எழுதினேன், இப்போதும் அதையே சொல்வேன்.

போகிறவர்கள் மே முதல் செப்டம்பர் வரை போங்கள், மழைக்காலத்தில் பாறை இடுக்குப் பாதை வழுக்கும். ஒரு ராத்திரியாவது வீட்டில் தங்குங்கள். விடியற்காலை உச்சியில் இருந்து வடக்கே மெராபி எரிமலை தெரியும், வானம் தெளிவாக இருக்க வேண்டும். சாயங்காலம் ‘எம்புங்’ போகலாம், 2013இல் சுல்தான் திறந்துவைத்த மலைமேல் குளம், கீழே இருக்கும் டுரியான் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கட்டியது. பச்சை மிளகாய் போட்ட தேங்காய்ப்பால் குழம்பு, ‘சாயூர் லொம்போக் இஜோ’, செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். நம் நாக்குக்கு நன்றாகப் பிடிக்கும். போய்ச் சேர்ந்த அன்றைக்கே ‘ஆர்.டி.’ வீட்டில் சொல்லிவிடுங்கள்.